பல திறன்களைக் கற்கும் வரிசை: எதை முதலில் தொடங்குவது, அடுத்ததை எப்போது தொடங்குவது

வேலைக்கான கருவிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. முன்பு இருவர் பகிர்ந்து செய்த பணியை இப்போது ஒருவரே முடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒருவருக்குப் பல திறன்கள் தேவையா என்பதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு ஆழத்தில் கற்றால் எல்லாம் கையில் நிலைக்கும் என்பதை மட்டுமே படிப்படியாக விளக்குகிறேன்.

பாதியில் கைவிட்டவர்களைக் கவனித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவர்களில் பெரும்பாலோரிடம் ஆர்வத்துக்கும் அறிவுக்கும் குறைவே இல்லை. முதல் திறன் ஊன்றி நிற்பதற்குள் இரண்டாவதைத் தொடங்கினார்கள். இரண்டும் தடுமாறியபோது மூன்றாவதில் ஆறுதல் தேடினார்கள். கீழேயுள்ள படிகள் அனைத்தும் இந்த அகலக்கால் வைக்கும் பழக்கத்தைத் தடுப்பதற்காக அமைந்தவை.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை, நாள்தோறும் அரைமணி நேரம். அந்த அரைமணியை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஏதேனும் ஒரு செயலுக்கு அடுத்ததாக வையுங்கள்: காலையில் பல் துலக்கிய பிறகு, அல்லது வேலை முடிந்து உடை மாற்றிய பிறகு. ‘நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற ஏறத்தாழ 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் இது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் மனம் தளர வேண்டியதில்லை. மறுநாள் அதே நேரத்தில் உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது தேவை ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு நாளும் இரண்டே வரிகள் எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் வீணாவதை அந்த இரண்டாவது வரி தடுத்துவிடும்.

மூன்றாவது, கருவி கண்ணில் படும் இடம். பெட்டிக்குள் பூட்டி வைத்த கிட்டாரை எடுப்பதற்கே ஒரு தனி முயற்சி வேண்டும். சுவரோரம் நிறுத்தி வைத்த கிட்டாரைக் கை தானாக எடுக்கும். விலையுயர்ந்த கருவியை இந்தக் கட்டத்தில் வாங்காதீர்கள். எந்தக் கருவி தனக்குப் பொருந்தும் என்பது சில வாரங்கள் பழகிய பிறகுதான் யாருக்கும் தெரியவரும்.

2. ஆசைகளை எழுதி வடிகட்டுதல்

கற்க விரும்பும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு செயலாக மாற்றி எழுதுங்கள். ‘ஆங்கிலம் கற்க வேண்டும்’ என்பதை ‘வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்கு யார் உதவியும் இல்லாமல் பதில் எழுத வேண்டும்’ என்று எழுதலாம். ‘எக்செல் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்பதை ‘மாதக் கணக்கைப் பிரிவு வாரியாகக் கூட்டி ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும்’ என்று எழுதலாம்.

இந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. மொழிக்கும் மென்பொருளுக்கும் எல்லை கிடையாது; செயலுக்கு எல்லை உண்டு. எல்லை தெரியாத திறனில், எவ்வளவு கற்றாலும் ஒன்றும் கற்கவில்லை என்ற உணர்வே மிஞ்சும். பலர் அந்தச் சோர்வில்தான் விலகுகிறார்கள்.

செயலாக மாற்ற முடியாதவற்றை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். எஞ்சியவற்றை மூன்று வகையாகப் பிரியுங்கள்: வேலையோ குடும்பமோ ஏற்கெனவே கேட்கின்றவை, நீச்சலும் முதலுதவியும் போல உயிரைக் காக்கின்றவை, மனத்துக்குப் பிடித்தவை. மூன்று வகையிலிருந்தும் ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்காக மட்டுமே கற்பவர் அந்தத் தேவை தணிந்தவுடன் கற்பதையே நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. முதல் திறனைத் தேர்ந்தெடுத்தல்

பட்டியலில் உள்ள மற்றத் திறன்களோடு மிக அதிகமான உறுப்புகளை, அதாவது அதற்குள் அடங்கிய சிறு செயல்களை, பகிர்ந்துகொள்ளும் திறனையே முதலில் எடுக்க வேண்டும். பட்டியலில் கட்டுரை எழுதுதல், மொழிபெயர்த்தல், நிரல் எழுதுதல் ஆகிய மூன்றும் இருந்தால், விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சுச் செய்வது முதலில் வர வேண்டும். அது பின்வரும் மூன்றிலும் ஒவ்வொரு நாளும் பயன்படும்.

ஒன்றைக் கற்றால் மூளை பொதுவாகக் கூர்மையாகி மற்றவையெல்லாம் தாமே எளிதாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் வுட்வொர்த் என்னும் உளவியலாளர்கள் 1901-இலேயே இதைச் சோதித்தார்கள். ஒரு வகை வடிவங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர்கள், அளவும் வடிவமும் மாறியபோது எதிர்பார்த்த அளவுக்கு முன்னேற்றம் காட்டவில்லை. இரு பணிகளுக்கும் பொதுவான உறுப்புகள் இருக்கும் அளவுக்கே பயிற்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே திறன்களுக்கு இடையே உள்ள பொது உறுப்புகளை நீங்களே தேடி எழுதுங்கள். பொதுவாக ஒன்றும் இல்லையென்றால், அந்தத் திறன் தரும் பயன் அதற்குள் மட்டுமே என்று எண்ணித் தொடங்குங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

4. திறனைச் சிறு செயல்களாக உடைத்தல்

ஒரு திறன் என்பது பல சிறு செயல்களின் தொகுப்பு. அவற்றில் ஒன்றிரண்டு மட்டுமே புதியவர்களைத் தடுத்து நிறுத்துகின்றன. அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடித்துத் தனியே பழகுவதுதான் இந்தப் படி.

நீச்சலைப் பாருங்கள். புதிதாகப் பழகுபவர் பத்து மீட்டர் தூரத்திலேயே மூச்சு வாங்க நின்றுவிட்டால், கைகால்களில் வலு இல்லை என்று எண்ணி இன்னும் வேகமாக உதைக்கிறார். பெரும்பாலும் சிக்கல் மூச்சில்தான் இருக்கும். முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்தக் கணநேரத்துக்குள் வெளிவிடுவதையும் உள்ளிழுப்பதையும் சேர்த்துச் செய்ய முயல்கிறார். நேரம் போதாமல் பழைய காற்று பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதற்கு நீந்தவே வேண்டியதில்லை. இடுப்பளவு நீரில் நின்று, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீரில் அமிழ்த்தி, மூக்கு வழியே குமிழிகளாகச் சீராக மூச்சை வெளிவிட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் உள்ளிழுக்கப் பழகினால் போதும். சில நாட்கள் இதை மட்டும் செய்தவர், அதே கைகால் வலுவோடு முன்னைவிட நெடுந்தூரம் செல்கிறார்.

எந்தத் திறனிலும் இப்படியொரு முடிச்சு இருக்கும். அதைக் கண்டறிய, அத்திறனில் தேர்ந்த ஒருவரிடம் ‘புதியவர்கள் எங்கே அதிகம் தடுமாறுகிறார்கள்?’ என்று கேளுங்கள். ‘எப்படிக் கற்பது?’ என்று கேட்டால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும்.

5. அரைமணி நேரத்தைச் செலவிடும் முறை

முதல் ஐந்து நிமிடம் எதையும் பார்க்காமல், நேற்றுக் கற்றதை நினைவிலிருந்து செய்து பாருங்கள். அடுத்த பதினைந்து நிமிடம், குறிப்பேட்டில் எழுதிய தடுமாற்றத்துக்கு மட்டும். பிறகு முழுச் செயலையும் ஒருமுறை செய்துவிட்டு, கடைசியில் இரண்டு வரிகளை எழுதுங்கள்.

நினைவிலிருந்து தொடங்குவது ஏன் என்பதை அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பலரும் தவிர்க்கும் பகுதி இதுதான். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் பழகியதுபோல் தோன்றுவதால் தெரிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். யூடியூபில் ஒரே காணொளியை நான்கு முறை பார்ப்பவருக்கு நேர்வதும் இதுதான். ஒருமுறை பார்த்து, நிறுத்திவிட்டு, கையால் செய்து பார்த்து, சிக்கிய இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள்.

வாரம் முழுவதும் விட்டுவிட்டு விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, அதே நேரத்தை ஆறு நாட்களுக்குப் பிரிப்பது மேல். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். இழப்பு முதல் சில மணி நேரத்திலேயே மிக அதிகம். பிறகு வேகம் குறைகிறது. பயிற்சியை ஒரே மூச்சில் முடிக்காமல் பல நாட்களுக்குப் பரப்பினால் குறைந்த முயற்சியில் நினைவில் நிற்கிறது என்பதையும் அவரே பதிவு செய்தார்.

6. திறன் குறைந்ததுபோல் தோன்றும் வாரங்களைக் கடத்தல்

ஆரம்ப சூரத்தனம் தணிந்த பிறகு வரும் இந்தக் கட்டத்தில்தான் மிக அதிகமானோர் விலகுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு விரல்களால் பல ஆண்டுகள் தட்டச்சுச் செய்தவர், பத்து விரல்களுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். இரு ஆள்காட்டி விரல்களும் அங்கே அமர்ந்தால் மற்ற விரல்கள் பார்க்காமலே தத்தம் இடத்தில் அமரும். இதை அறிந்து பழகத் தொடங்கிய முதல் வாரத்தில் அவருடைய வேகம் பழைய வேகத்தில் பாதிக்கும் கீழே போய்விடலாம். சுண்டுவிரல் சொன்னபடி கேட்காது. அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும்போது பழைய இரண்டு விரல்களுக்கே திரும்புகிறார். மறுநாளும் அதுவே நடக்கிறது. புதிய முறை தனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

உண்மையில் அங்கே நடப்பது வேறு. பழைய முறை யோசிக்காமலே ஓடுகிறது. புதிய முறையில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த இரண்டின் வேகத்தை ஒப்பிடுவதே பொருந்தாது. புதிய முறையின் இந்த வார வேகத்தை அதன் சென்ற வார வேகத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் மூன்று விதிகளைப் பின்பற்றுங்கள். வேகத்தை விட்டுவிட்டுப் பிழையின்மையை மட்டும் பாருங்கள். தவறாகப் பழகிய விரல் பிறகு எளிதில் திருந்தாது. அவசர வேலை குறைவாக உள்ள நாட்களில் மாற்றத்தைத் தொடங்குங்கள். பயிற்சி நேரத்தில் பழைய முறைக்கு ஒருபோதும் திரும்பாதீர்கள். அவசரம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

7. அடுத்த திறனுக்குச் செல்லலாமா என்று சோதித்தல்

ஒரு திறனில் தேர்ச்சி பெற்ற பிறகுதான் அடுத்தது என்று காத்திருந்தால் வாழ்நாள் போதாது. முன்கூட்டியே தாவினால் முதலில் கற்றது சரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான்: செய்யும்போது நேரும் பிழையை, பிறர் சுட்டிக்காட்டாமல் நீங்களே உணர்ந்து, நீங்களே திருத்திக்கொள்கிறீர்களா?

கிட்டாரில் ஒரு நரம்பு சரியாக அழுந்தாமல் மங்கி ஒலித்தால் எந்த விரல் என்று காதே சொல்ல வேண்டும். எக்செல்லில் கூட்டுத்தொகை தவறாக வந்தால், எந்த வரிசை விட்டுப்போனது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். இந்த நிலைக்கு வந்தவருக்கு ஒவ்வொரு முறை செய்வதும் பயிற்சியாகிவிடும். ஆசிரியர் இல்லாத நாட்களிலும் திறன் வளரும். இந்த நிலைக்கு வராதவர் விட்டுச் சென்றால், பிழையோடு செய்து செய்து அந்தப் பிழையே கைப்பழக்கமாகிவிடும்.

சோதிக்கும் முறை: இரண்டாம் படியில் எழுதிய செயலை ஒரு வாரம் தொடாமல் இருந்து, பிறகு குறிப்பைப் பார்க்காமல் செய்யுங்கள். முடிந்தால் அடுத்ததற்குச் செல்லலாம். முடியாவிட்டால் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு இன்னும் சில வாரங்கள் தொடருங்கள். அரைகுறையாக வந்தாலும் தேறியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

8. இரண்டாவது திறனைச் சேர்த்தல்

இரண்டாவது திறன் முதலாவதிலிருந்து வேறுபட்டதாக இருக்கட்டும். மூன்றாம் படியில் பொது உறுப்புகளைத் தேடச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். அங்கே சொன்னது எது முதலில் என்பதைப் பற்றி. இங்கே சொல்வது எவற்றை ஒரே காலத்தில் தொடக்க நிலையில் வைத்திருக்கக் கூடாது என்பதைப் பற்றி. ஒன்றையொன்று ஒத்த இரு மொழிகளை ஒரே நேரத்தில் தொடங்குபவருக்கு, ஒன்றின் சொல் மற்றொன்றின் வாக்கியத்தில் வந்து விழும். முதலாவது ஊன்றிய பிறகு இரண்டாவதைத் தொடங்கினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். உட்கார்ந்து கற்கும் திறன் ஒன்று, உடல் அசைந்து கற்கும் திறன் ஒன்று என இணைப்பது, களைப்பைப் பகிர்ந்தளிப்பதாலும் நல்லது.

ஒரே திறனுக்குள் உள்ள சிறு செயல்களை மட்டும், ஓரளவு பழகிய பிறகு, கலந்து பயிற்சி செய்யலாம். ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகியோரின் 1979 ஆண்டு ஆய்வில், மூன்று கையசைவுகளைத் தனித்தனித் தொகுதியாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். வரிசை மாற்றிக் கலந்து பழகியவர்களோ பத்து நாட்கள் கழித்தும் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கலந்து பழகும் நாட்களில் ஒன்றும் வரவில்லை என்று தோன்றுவது இயல்பு.

அரைமணி நேரத்தில் இருபது நிமிடம் புதியதற்கு, பத்து நிமிடம் பழையதற்கு. மூன்றாவது திறனைச் சேர்க்கும் முன் ஏழாம் படியின் சோதனையை இரண்டாவதுக்கும் நடத்துங்கள்.

9. கற்றவற்றை ஒரே பணியில் இணைத்தல்

இரண்டு திறன்கள் கையில் இருப்பதாலேயே அவை தாமாக ஒன்றுசேர்வதில்லை. மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு காட்டுகிறது. ஒரு கோட்டையைப் பல சிறு படைகளாகப் பிரிந்து பல பாதைகளில் சென்று தாக்கும் கதையைப் படித்தவர்களிடம், உடலுக்குள் உள்ள கட்டியை, அதைச் சுற்றியுள்ள திசுவுக்குச் சேதமின்றிக் கதிர்வீச்சால் அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைப் பாய்ச்சுவதே விடை. கதையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடை கண்டார்கள். அப்படிச் சொல்லாதபோது பலருக்கு அந்தக் கதை நினைவுக்கே வரவில்லை.

எனவே இணைப்பை நீங்களே உருவாக்க வேண்டும். மாதம் ஒருமுறை, இரண்டு திறன்களும் இல்லாமல் முடிக்க முடியாத ஒரு சிறு பணியை எடுத்துச் செய்யுங்கள். படம் எடுக்கவும் எழுதவும் கற்றவர், ஒரு பழுதுபார்க்கும் வேலையைப் படங்களோடு விளக்கி எழுதலாம். எக்செல்லும் அயல்மொழியும் கற்றவர், தாம் கற்ற சொற்களையும் எத்தனை முறை மறந்தோம் என்பதையும் அட்டவணையாக்கி, அடிக்கடி மறப்பவற்றைப் பிரித்தெடுக்கலாம். வேலைச் சந்தையில் ஒருவரைத் தனித்துக் காட்டுவது பெரும்பாலும் இத்தகைய சேர்க்கையே. அதைச் செய்து முடித்த பணியாகக் காட்ட முடிந்தால்தான் பிறர் நம்புவார்கள்.

10. கற்றது தேயாமல் காத்தல்

எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் மறப்பதில்லை. மிதிவண்டி ஓட்டுவது போன்ற தொடர் உடலசைவுகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். படிகளை வரிசையாக நினைவில் வைக்க வேண்டிய திறன்கள் விரைவில் தேயும். மாரடைப்பால் இதயம் நின்ற ஒருவருக்கு மார்பில் அழுத்தும் முதலுதவியில், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்பது விதி. பயிற்சி பெற்ற சில மாதங்களிலேயே இந்த ஆழமும் வேகமும் கைகளிலிருந்து நழுவத் தொடங்கிவிடுகின்றன. இத்தகைய திறனுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நாட்காட்டியில் நாள் குறித்து மறுபயிற்சி செய்வது கட்டாயம். அரிதாகவே பயன்படும் திறன் என்பதே அதை அடிக்கடிப் பழகுவதற்கான காரணம்.

அன்றாட வேலையில் தானாகவே பயன்படும் திறனுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பயனும் விருப்பமும் இரண்டுமே தீர்ந்துவிட்ட திறனையும் எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் பேண முயல்பவருக்குப் புதிதாகக் கற்க நேரம் மிஞ்சாது.

11. அடிக்கடி நேரும் பிழைகள்

தடுமாறும்போதெல்லாம் ஆசிரியரையோ செயலியையோ பாடத்திட்டத்தையோ மாற்றுவது முதல் பிழை. ஒவ்வொரு புதிய பாடமும் எளிய தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பதால் முன்னேறுவது போன்ற உணர்வு கிடைக்கும். முடிச்சு அவிழாமல் அப்படியே இருக்கும். நான்காம் படிக்குத் திரும்புவதே சரி.

சான்றிதழை இலக்காக வைப்பது இரண்டாவது. பணியமர்த்துபவர் கேட்கும் சான்றிதழ் என்றால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் சான்றிதழ் கிடைத்த அன்று குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். ஏழாம் படியின் சோதனையில் தேறும் வரை அது திறந்தே இருக்கட்டும்.

மூன்றாவது, வேகமாகக் கற்கும் ஒருவரோடு தன்னை ஒப்பிடுவது. அவர் ஏற்கெனவே அறிந்த திறன்களில் எவ்வளவு பொது உறுப்புகள் இருந்தன என்பது வெளியே தெரிவதில்லை.

12. விட்டுப்போனதை மீண்டும் தொடங்குதல்

நோய், இடமாற்றம், குடும்பப் பொறுப்பு என ஏதேனும் ஒன்றால் பயிற்சி மாதக்கணக்கில் நின்றுபோவது எல்லோருக்கும் நேர்வது. திரும்பி வரும்போது பலர் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள், அல்லது நின்ற இடத்திலிருந்தே தொடர முயல்கிறார்கள். முன்னதில் சலிப்பும் பின்னதில் சோர்வும் வருகின்றன.

மறந்ததை மறுபடி கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதும் எபிங்ஹாஸ் அளந்து காட்டிய உண்மைதான். ஆகவே குறிப்பேட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை எடுத்து, அவற்றில் எழுதிய தடுமாற்றங்களை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள். தடையின்றி வருபவற்றைத் தாண்டிச் செல்லுங்கள். வராதவற்றை மறுபடி பழகுங்கள். நின்றவை பல என்றால், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மீட்க முயலாமல் ஒன்றை முதலில் மீட்டு, ஏழாம் படியின் சோதனையை நடத்தி, அதன் பிறகு அடுத்ததைக் கையில் எடுங்கள்.